இயற்கை ஆய்வில் பொதுமக்கள்: இங்கிலாந்தின் வரலாறு

ஒரு நாட்டின் செடிகொடிகளையும் பறவைகளையும் பற்றிய அறிவு பல்கலைக்கழகங்களிலும் நூதனசாலைகளிலும் மட்டுமே வளர்ந்ததென எண்ணுவோர் பலர். வரலாறு அங்ஙனம் கூறவில்லை. அவ்வறிவின் பெரும்பகுதி, அதனால் ஊதியம் எதனையும் பெறாத மக்கள் ஓய்வு நாட்களில் ஒருங்கு கூடிக் கற்றதனாலும், கண்டவற்றைக் குறித்து வைத்ததனாலும் திரண்டதாகும். இன்று பல நாடுகளிலே தொண்டர்களுக்கும் பொதுமக்களுக்குமாக இயற்கைப் பயிற்சி வகுப்புக்கள் நடைபெறுகின்றன. இவ்வழக்கம் இங்கிலாந்தில் வேரூன்றியவாற்றையும், தான் போற்ற வந்த இயற்கைக்கே அது ஒரு காலத்தில் ஊறு விளைத்தவாற்றையும், பின்னர் அதற்குக் காவலாய் அமைந்தவாற்றையும் ஆராய்தல் பயனுடைத்து.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் லங்காஷயர் பகுதி பருத்தி நெசவுக்குப் பெயர் பெற்று விளங்கிற்று. அங்கு மஞ்செஸ்ரர் நகரைச் சூழ்ந்த சிற்றூர்களிலே கைத்தறி நெசவாளரும் சப்பாத்துத் தைப்போரும் பிற தொழிலாளரும் தாவரவியற் சங்கங்களை அமைத்துக்கொண்டனர். ஞாயிற்றுக்கிழமையே அவர்களுக்கு ஓய்வு நாள். ஊர்த் தவறணையே கூடுமிடம். உறுப்பினர் தாம் பறித்து வந்த செடிகளை மேசைமேற் பரப்புவர். தலைவர் அவற்றுள் ஒன்றை எடுத்து, அதன் இலத்தீன் பெயரை உரக்கக் கூறி, அயலில் இருப்பவரிடம் கொடுப்பார். அச்செடி கைக்குக் கை மாறி அறை முழுவதும் சுற்றி வரும். தனியொருவரால் வாங்க இயலாத விலையுயர்ந்த நூல்களைச் சந்தாப் பணத்தினால் வாங்கிப் பொதுவிற் பயன்படுத்தினர்.

இச்சங்கங்களில் முன்னின்றவர்களுள் ஒருவர் ஜோன் ஹோர்ஸ்பீல்ட் என்னும் நெசவாளர். தாவரங்களை லின்னேயசு வகுத்த 24 வகுப்புக்களையும் ஒரு தாளில் எழுதித் தறிமரத்தில் மாட்டி, வேலைக்கு அமரும்போதெல்லாம் பார்த்து மனனஞ் செய்தவர் அவர். எட்வேட் ஹொப்சன் என்பார் பாசிவகைகளை ஆராய்வதில் வல்லவர். படங்களுக்குப் பதிலாக உலர்த்திய பாசிகளையே ஒட்டி அவர் ஆக்கிய தொகுதி 1818ஆம் ஆண்டு முதல் வெளிவந்தது. குழந்தைகளுக்குச் சப்பாத்துத் தைத்து வறுமையில் வாழ்ந்த றிச்சேட் பக்ஸ்ரன், எழுத்தறிவையே தம் முயற்சியாற் பெற்றவர். மஞ்செஸ்ரரைச் சுற்றிப் பதினாறு மைல் எல்லைக்குள் வளரும் தாவரங்கள் பற்றிய அவரது வழிகாட்டி நூல் 1849இல் வெளியாயிற்று.

இலத்தீன் மொழியும் நூல்களும் செல்வர்க்கே உரியன என்றிருந்த காலத்தில் இவர்கள் கல்வி பெற்றது எவ்வாறு? கூட்டமே அவர்களுக்குப் பள்ளியாயிற்று. தனித்துக் கற்பவன் ஒரு செடிக்குத் தவறான பெயரிட்டால் அத்தவறு அவனுடனேயே தங்கிவிடும். பலர் நடுவே செடியைக் கையிற் பிடித்துப் பெயர் கூறும்போது அறிந்தவர் அதனைத் திருத்துவர். அறியாதவரும் அத்திருத்தத்தாற் பயன் பெறுவர். பிற்காலத்துப் பயிற்சி வகுப்புக்கள் யாவற்றிற்கும் அடிப்படை இம்முறையே எனலாம்.

நெசவாளர் அறைக்குள் நடத்திய இக்கல்வியை நடுத்தர வகுப்பினர் வெளிக்களத்திற்குக் கொண்டு சென்றனர். 1831ஆம் ஆண்டில், ருவீட் நதி முகத்திலுள்ள பெரிக் நகரில் மருத்துவராயிருந்த ஜோர்ஜ் ஜோன்ஸ்ரன் என்பவரின் முயற்சியால் பெரிக்ஷயர் இயற்கையாளர் கழகம் நிறுவப்பட்டது. உறுப்பினர் குறித்த நாட்களில் ஓரிடத்திற் கூடிக் கால்நடையாகச் சென்று, ஆறு, குன்று, கடற்கரை என்பவற்றை ஆராய்ந்து, தாம் கண்டவற்றை ஆண்டுதோறும் அச்சிட்டனர். இதனைப் பின்பற்றி 1846இல் ரைன் ஆற்றுப் பகுதியிலும், 1851இல் ஹெரிபோட்டில் வுல்ஹோப் என்னும் பெயருடனும் கழகங்கள் தோன்றின. புகையிரதப் பாதைகள் பெருகப் பெருக, நகர மக்களும் ஒரே நாளில் நாட்டுப்புறஞ் சென்று மீள்வது எளிதாயிற்று. மதகுருமார், ஆசிரியர், வணிகர், எழுதுவினைஞர் எனப் பலரும் இவற்றிற் சேர்ந்தனர்.

ஆயினும் இவ்வளர்ச்சி தீமையையும் உடன்கொண்டு வந்தது. அக்காலத்து இயற்கையறிவு பெரும்பாலும் சேகரித்தலையே குறித்தது. கண்ட செடியைப் பிடுங்குதலும், பறவையைச் சுடுதலும், முட்டையை எடுத்தலும் ஆர்வத்தின் அடையாளங்களாயின. பன்னங்களை வீட்டிற் கண்ணாடிப் பெட்டிகளில் வளர்க்கும் வேட்கை எங்கும் பரவியது. சார்ள்ஸ் கிங்ஸ்லி 1855இல் அதனை ஒருவகைப் பித்து என்றே பெயரிட்டழைத்தார். கில்லார்னிப் பன்னம் போன்ற அரிய இனங்கள் வளர்ந்த இடங்களிலிருந்தே வேரோடு அகழ்ந்து செல்லப்பட்டன.

இத்தீமையின் துயரமிக்க எடுத்துக்காட்டு பிலிப் ஹென்றி கொஸ் என்பாரின் வாழ்விற் காணப்படும். கடற்கரைப் பாறைக் குழிகளில் வாழும் உயிர்களை ஆராய்ந்து, மக்கள் விரும்பிப் படிக்கும் நூல்களாக எழுதியவர் அவர். 1855இல் இல்பிரகொம் கடற்கரையில் ஆர்வலர்களைத் திரட்டி வகுப்பு நடத்தி, அலை வற்றும் வேளையில் அவர்களைப் பாறைகளுக்கு அழைத்துச் சென்று கற்பித்தார். பொதுமக்களுக்கான இயற்கை வகுப்பின் முன்னோடிகளுள் இதுவும் ஒன்று. அவர்தம் நூல்களைக் கற்றவர்கள் சாடிகளையும் உளிகளையும் ஏந்திக் கரைக்கு விரைந்தனர். சில ஆண்டுகளிலே அப்பாறைக் குழிகள் வெறுமையாயின. தம் எழுத்தே அவ்வழிவுக்கு வழி கோலியதென அவர் வருந்தியதை, மகன் எட்மண்ட் கொஸ் 1907இல் வெளியிட்ட தம் வாழ்க்கை நூலிலே பதிவு செய்துள்ளார். அறிவைப் பரப்புதல் மட்டும் போதாது என்பதும், எவ்வகை நடத்தையோடு அவ்வறிவு பரவுகின்றது என்பதே முதன்மையானது என்பதும் இதனாற் பெறப்படும்.

இருபதாம் நூற்றாண்டில் இந்நடத்தை மாறியது. எடுத்துச் செல்வதற்குப் பதிலாக எண்ணிக் குறிப்பதே தொண்டர்களின் பணியாயிற்று. 1928இல் மக்ஸ் நிக்கல்சன் என்னும் இளைஞர், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள நாரைக் கூடுகள் அனைத்தையும் எண்ணித் தருமாறு பறவை ஆர்வலரை ஒரு சஞ்சிகை வாயிலாக வேண்டினார். அதில் ஈடுபட்டோர் நாடெங்கும் சிதறியிருந்த சாதாரண மக்கள். அன்று தொடங்கிய அக்கணிப்பு ஆண்டுதோறும் தொடர்ந்து நடைபெற்று வருகின்றது. 1962-63ஆம் ஆண்டுக் கடும் பனிக்காலத்தின் பின் நாரைகள் பெரிதும் குறைந்தமையும், பின்னர் பெருகியமையும் இக்கணிப்பினாலேயே புலனாயின. இவ்வகை முயற்சிகளை ஒருங்கிணைப்பதற்காக 1932இல் பிரித்தானியப் பறவையியல் அறக்கட்டளை நிறுவப்பட்டது.

எண்ணுவோர் பெருகியபோது அவர்களைப் பயிற்றுவிக்கும் இடங்களும் வேண்டப்பட்டன. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943ஆம் ஆண்டில், இலண்டன் நகரப் பாடசாலைப் பரிசோதகரான பிரான்சிஸ் பட்லர் என்பாரின் முயற்சியால் வெளிக்கள ஆய்வு வளர்ச்சிக்கான மன்றம் ஒன்று உருவாயிற்று. அதன் முதல் நிலையம் 1946இல் சபொக் பகுதியிலுள்ள பிளற்போட் ஆலையிலே திறக்கப்பட்டது. ஓவியர் ஜோன் கொன்ஸ்ரபிள் வரைந்து புகழ்பெற்ற அவ்வாலையில், மருத்துவரும் ஓவியருமான எறிக் எனியன் முதற் பொறுப்பாளராகப் பணியாற்றினார். மாணவரும் ஆசிரியரும், வயது வந்த ஆர்வலரும் அங்கு தங்கி, பகலில் வெளிக்களத்தில் ஆராய்ந்து, மாலையில் குறிப்புக்களை ஒப்பிட்டுத் திருத்திக் கற்றனர். இம்மன்றம் பிற்காலத்தில் வெளியிட்ட இனங்காணும் கையேடுகள், அச்சேறுமுன் பயன்படுத்துவோரிடமே கொடுத்துச் சோதிக்கப்பட்டன. கற்பவன் தடுமாறினால் குறை கையேட்டினது என்று கொள்ளப்பட்டது.

இங்ஙனம் பயின்ற கண்களின் பயன் 1961ஆம் ஆண்டிலே வெளிப்பட்டது. பந்தயப் புறா வளர்ப்போர், பைரி என்னும் வல்லூறு தம் புறாக்களைக் கொன்று குவிப்பதாக முறையிட்டு, அதற்குரிய சட்டப் பாதுகாப்பை நீக்குமாறு 1960இல் அரசாங்கத்தை வேண்டினர். உண்மையை அறியும் பொருட்டுப் பறவையியல் அறக்கட்டளையின் வாயிலாக ஒரு கணிப்பு நடத்தப்பட்டது. டெறிக் றட்கிளிஃப் என்னும் அறிஞர் அதற்குத் தலைமை தாங்கினார். தொண்டர்கள் மலைமுகடுகளையும் கடலோரப் பாறைகளையும் ஏறிப் பார்த்துக் கொண்டு வந்த செய்தி எவரும் எதிர்பாராதது. பைரிகள் பெருகவில்லை, பல இடங்களில் அவற்றின் கூடுகள் வெறுமையாயிருந்தன. நஞ்சு தோய்ந்த விதைகளைத் தின்ற பறவைகளை உண்டு பைரிகள் மடிந்தன. எஞ்சியவை இட்ட முட்டைகள் கூட்டிலேயே உடைந்தன.

முட்டைகள் உடைந்த காரணத்தை றட்கிளிஃப் 1967இல் வெளியிட்டார். பழைய சேகரிப்பாளர்களின் பேழைகளிலிருந்த முட்டைகளை நிறுத்தும் அளந்தும் பார்த்தபோது, ஏறத்தாழ 1947 முதல் ஓடுகள் மெலிந்துவிட்டமை தெரியவந்தது. டீ.டீ.ரீ. என்னும் பூச்சிநாசினி பரவலாகப் பயன்படத் தொடங்கிய காலமும் அதுவே. முன்னாளில் கூடுகளைக் கொள்ளையிட்ட சேகரிப்பாளர், முட்டையோடு நாளையும் இடத்தையும் எழுதி வைத்தமையாலன்றோ இவ்வுண்மை துலங்கிற்று! அக்குறிப்பின்றேல் அம்முட்டைகள் வெறும் ஓடுகளாகவே கிடந்திருக்கும். அந்நஞ்சுகளின் பயன்பாடு படிப்படியாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1991ஆம் ஆண்டுக் கணிப்பில் பிரித்தானியப் பைரிகளின் தொகை போருக்கு முந்திய நிலையைக் கடந்திருந்தது.

தவறணை மேசையிற் செடிகளைப் பரப்பிய நெசவாளரையும், பாறையுச்சியிற் கூடுகளை எண்ணிய தொண்டரையும் ஒன்றரை நூற்றாண்டு பிரிக்கின்றது. எனினும் இருவரும் ஒரே முறையைக் கைக்கொண்டவர்கள். தாம் கண்டதைப் பிறர் முன் வைத்துத் திருத்தம் பெறுதல் அம்முறையின் முதற்படி. இடமும் நாளும் தவறாது குறித்தல் அடுத்த படி. கண்டதைக் கண்ட இடத்திலேயே விட்டுவருதல் என்னும் மூன்றாம் படியைக் கற்றுக்கொள்வதற்கே நெடுங்காலம் சென்றது. அதற்குள் பாறைக் குழிகளும் பன்னங்களும் அழிந்தன. பொதுமக்களுக்கு இயற்கையைக் கற்பிக்க முற்படும் எவரும் இம்மூன்றனையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும். புறா வளர்த்தோரின் முறையீட்டை எவரும் சோதியாது ஏற்றிருந்தால், நஞ்சினால் மடிந்துகொண்டிருந்த ஒரு பறவை குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டு, எஞ்சிய இனமும் அழிந்திருக்கக்கூடும். அதனைத் தடுத்தவர்கள், பெயர் அறியப்படாத, பொறுமையுடன் எண்ணப் பயின்ற தொண்டர்களே ஆவர்.