உருகி

வீட்டு வயரிங் கற்க வருபவர் முதலில் கையில் எடுக்கும் பொருள் பீஸ் கட்டை. ஃபியூஸ் என்பதே நம் வாயில் பீஸ் ஆயிற்று. 'பீஸ் போயிருச்சு' என்றால் தெருவில் எல்லோருக்கும் புரியும்.

இதற்குத் தமிழில் உருகி. உருகு என்ற வினையோடு இகர விகுதி சேர்ந்த சொல்; அந்த வினையைச் செய்வதைக் குறிக்கும் விகுதி அது. விசிறி, வடிகட்டி, ஒலிபெருக்கி எல்லாம் இப்படிப் பிறந்தவையே. ஆங்கிலச் சொல்லுக்கும் வேர், உருக்குதல், வார்த்தல் என்று பொருள்படும் லத்தீன் வினைதான். வெடியின் திரியைக் குறிக்கும் ஃபியூஸ் வேறு. அது நூல் நூற்கும் கதிரின் பெயரிலிருந்து வந்தது.

பெயரிலேயே பாடம் இருக்கிறது. மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பியில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். சுவருக்குள் ஓடும் வயர் தீப்பிடிக்குமுன் பீஸ் கட்டையில் உள்ள மெல்லிழை உருகி வழியைத் துண்டிக்க வேண்டும். உருகியை, மின்சாரம் வரும் பேஸ் கம்பியில்தான் வைக்க வேண்டும். நியூட்ரலில் வைத்தால் விளக்கு அணைந்தபின்னும் உள்ளே 230 வோல்ட் காத்திருக்கும்.

இன்று பல வீடுகளில் உருகிக்குப் பதில் எம்.சி.பி. என்னும் தானியங்கிச் சுவிட்சு வந்துவிட்டது. அது உருகாது, விழும். அதை உருகி என்பது பிழை.

பழைய பீஸ் கட்டை உள்ள வீட்டுக்காரர்களே, அடிக்கடி போகிறதென்று அதில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றாதீர்கள். உருகாதது உருகி ஆகாது.