லயமும் இல்லமும்: மலையகத்தில் மரபு மனைகளைப் பேணுதல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வரலாற்றுச் சிறப்புடைய குடும்ப இல்லங்களைப் புதுப்பித்து, அவற்றை நூதனசாலைகளாகவும் ஊரவர் கூடும் பொது நிலையங்களாகவும் ஆக்கும் வழக்கம் இன்று பல நாடுகளிலும் காணப்படுகின்றது. எமது நாட்டில் கொக்கலையில் உள்ள மார்ட்டின் விக்கிரமசிங்கவின் இல்லம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். 1890 இல் அவர் பிறந்த அக்கிராமம் இரண்டாம் உலகப் போரின்போது விமானத் தளத்தின் பொருட்டு எடுத்துக்கொள்ளப்பட்டது. எஞ்சிய இல்லத்தைச் சூழ 1981 இல் நாட்டார் நூதனசாலை உருவாயிற்று. அங்கு இல்லம் யாருடையது என்ற வினா எழவில்லை. மலையகத்திலோ அவ்வினாவே முதலில் எழுகின்றது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் தமக்கெனச் சொந்த மனை பெறாத ஒரு மக்கட் கூட்டத்தினர் எந்த வீட்டைத் தம் மரபுரிமையாகப் பேணுவது? உடப்புசல்லாவைப் பிரதேசத்தை மனத்திற்கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உடப்புசல்லாவைப் பாதையில் எஞ்சியனவும் மறைந்தனவும்

நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை 1903-04 ஆம் ஆண்டுகளில் இரண்டரை அடி அகலமுடைய சிறு புகையிரதப் பாதை அமைக்கப்பட்டது. இராகலையோடு முடிந்ததாயினும் அது உடப்புசல்லாவைப் பாதை என்றே பெயர் பெற்றது. தோட்டங்களிலிருந்து தேயிலையை இறக்குவதும், தோட்டங்களுக்கு வேண்டிய அரிசியையும் உரத்தையும் ஏற்றுவதும் அதன் பணிகள். மோட்டார் வண்டிகளின் போட்டியால் நலிவுற்ற அப்பாதை 1940களில் மூடப்பட்டுத் தண்டவாளங்களும் அகற்றப்பட்டன.

அதே வழியிலுள்ள கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை வேறொரு கதியை அடைந்தது. இயங்காது கிடந்த அக்கட்டடம், இயந்திரங்கள் சிலவற்றோடு பேணப்பட்டு 1996 இல் உல்லாச விடுதியாகத் திறக்கப்பட்டது. துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் பலவும் மலைநாடெங்கும் இவ்வாறே விடுதிகளாயின. கண்டி ஹந்தானையில் 1925 இல் கட்டப்பட்ட தொழிற்சாலை புதுப்பிக்கப்பட்டு 2001 இல் இலங்கைத் தேயிலை நூதனசாலை ஆயிற்று. லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867 இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரின் நினைவும், பழைய இயந்திரங்களும் அங்குச் சிறப்பிடம் பெறுகின்றன.

இவற்றை ஒருங்கே நோக்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது. தேயிலையின் வரலாறு என்னும் பெயரால் பேணப்பட்டவை முதலீட்டின் சின்னங்களும் அதிகாரத்தின் சின்னங்களுமே. உழைத்தோரின் உறைவிடம் அவ்வரிசையில் நெடுங்காலம் இடம்பெறவில்லை.

பாசறை இல்லமான வரலாறு

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தோர் பெரும்பாலும் பருவகாலத் தொழிலாளர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்து மாத்தளையை அடைந்து, கோப்பிப் பழம் பறிக்கும் காலம் முடிந்ததும் மீண்டு சென்றனர். அத்தகையோர் இரவில் ஒதுங்குதற்கென எழுந்ததே லயம். வரிசையாக அடுக்கிய அறைகள், முன்னே ஒரு தாழ்வாரம், பல இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசை, அறையொன்று ஏறத்தாழ 12 அடி நீளமும் 10 அடி அகலமும். இது குடும்ப வாழ்வுக்கென வகுக்கப்பட்ட அமைப்பன்று. பாசறையின் அமைப்பேயாகும்.

1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகள் வேண்டியிருந்தமையால், பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் நிலையாகத் தங்கின. பயிர் மாறியது; வாழ்க்கை முறை மாறியது; அறையின் அளவு மட்டும் மாறவில்லை.

மொழி வழக்கும் இதற்குச் சான்று பகரும். தோட்டத்துப் பேச்சில் உறைவிடம் பெரிதும் 'காம்பரா' எனப்பட்டது. அது போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு. முன்தாழ்வாரம் 'இஸ்தோப்பு'. அது ஒல்லாந்தர் தந்த சொல். குழந்தைகளைப் பகலில் விடும் இடம் 'பிள்ளைக் காம்பரா'. மடகொம்பரையில் 1914 இல் பிறந்து, மலையக மக்களின் வாழ்வை எழுத்தில் வடித்த சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலொன்றுக்கு 'வீடற்றவன்' எனப் பெயரிட்டமை தற்செயலானதன்று.

ஆயினும் அக்காம்பராவை இல்லமாக்கியவர்கள் அதில் வாழ்ந்தவர்களே. களிமண்ணால் அடுப்பு இட்டனர். சாணத்தால் தரை மெழுகினர். சுவரில் மாடம் அமைத்துக் குலதெய்வத்துக்கு விளக்கேற்றினர். அறைக்குள் தட்டி மறைத்துப் புதுமணத் தம்பதியருக்கு இடம் ஒதுக்கினர். இஸ்தோப்பை அடைத்து இன்னோர் அறை ஆக்கினர். தோட்ட நிருவாகம் தந்தவை சுவரும் தகரக் கூரையுமே; மனை என்னும் தன்மை மக்களின், சிறப்பாகப் பெண்களின், உழைப்பால் வந்தது. ஆகவே லயத்தைப் பேணுதல் என்பது முதன்மையாக இவ்வுழைப்பைப் பேணுதலாகும்.

பெரிய கங்காணியின் வீடும் இங்கே கருதத்தக்கது. ஆள் திரட்டியவரும், கடன் கொடுத்தவரும், தொழிலாளரை மேய்த்தவரும் அவரே. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குக் கடன் சுமையோடு தொழிலாளரை மாற்றிய 'துண்டு' முறை 1921 இல் ஒழிக்கப்பட்டது. அக்காலத்துக் கங்காணி வீடு எங்கேனும் புதுப்பிக்கப்படுமாயின், அதன் விசாலமான கூடத்தோடு அந்தக் கடன் கணக்கும் சேர்த்தே காட்டப்பட வேண்டும்.

கம்பளை முயற்சி

இத்துறையில் முன்னோடியானது, கம்பளையை அடுத்த பீகொக் தோட்டப் பகுதியில் 2007 இல் அமைக்கப்பட்ட தேயிலைத் தொழிலாளர் நூதனசாலையும் ஆவணக் காப்பகமும் ஆகும். கண்டியைத் தளமாகக் கொண்ட சமூக அபிவிருத்தி நிறுவனம் பழைய லயமொன்றிலேயே இதனை நிறுவியது. தொழிலாளரின் கருவிகளும் வீட்டுப் பொருள்களும் ஆவணங்களும் அங்குத் திரட்டப்பட்டுள்ளன. மக்கள் வாழ்ந்த கட்டடமே காட்சிப் பொருளாகவும் காட்சிக்கூடமாகவும் அமைந்தமை இதன் தனிச்சிறப்பு.

மொரிசியசில் ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கிய ஆப்பிரவாசி காட் 2006 இல் உலக மரபுரிமைச் சின்னமாயிற்று. தோணித்துறையின் படிக்கட்டும் பதிவறைகளும் கோயில்களுக்கும் கோட்டைகளுக்கும் நிகரான மதிப்புப் பெறலாம் என்பதை உலகம் ஏற்றுக்கொண்டது. அதற்கு அடுத்த ஆண்டில் கம்பளையில் நிகழ்ந்தது சிறு முயற்சியேயாயினும் அதே நோக்கின்பாற்பட்டது.

சட்டமும் உரிமையும்

1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் தொல்பொருளுக்குரிய கால எல்லையாக 1815 மார்ச் 2 ஆம் திகதியை வகுத்தது. அது கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். பெருந்தோட்டங்கள் யாவும் அதன் பின் எழுந்தவை. ஆகவே, அவ்வரையறையின்படி மலையக மக்களின் வரலாறு முழுவதும் தொன்மையின் எல்லைக்கு வெளியே நின்றது. சட்டம் பின்னர் திருத்தப்பட்டபோதிலும், தொன்மையே மதிப்புக்கு அளவுகோல் என்னும் மனப்பாங்கு எளிதில் மறையவில்லை.

இதனினும் ஆழமானது உரிமைச் சிக்கல். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை இரு நாடுகளுக்கிடையே பங்கிடும் கணக்கோடு தொடங்கியது. ஒரே காம்பராவில் வாழ்ந்த குடும்பங்கள் அதனால் பிரிந்தன. 2003 இல் இயற்றப்பட்ட சட்டமே எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்க வழி செய்தது. இதற்கிடையில் 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992 இல் பெரும்பாலானவற்றின் நிருவாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குச் சென்றது. இத்தனை கைமாற்றங்களிலும் காம்பராவில் வாழ்ந்தவருக்கு உறுதி எழுதிக் கொடுக்கப்படவில்லை. எனவே லயமொன்றைப் புதுப்பிக்க விரும்புவோர் அதன் குடியிருப்பாளரை விடுத்து வேறிடத்தில் அனுமதி பெற வேண்டியுள்ளது.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களைப் புதைத்தது. லயம் மரபுரிமை என்று பேசுவோர் இதனை மறத்தலாகாது. வாழ்வோருக்குப் பாதுகாப்பான வீடும் காணி உறுதியும் கிடைக்கும்போதே, அவர் விட்டுச் சென்ற லயம் நூதனசாலையாகும் தகுதியைப் பெறும். அடுத்த வரிசையில் மக்கள் ஒழுகும் கூரையின்கீழ் வாழ, இந்த வரிசையில் அவர்தம் வறுமையைக் காட்சிக்கு வைப்பது பேணுதலாகாது.

புதுப்பித்தலுக்குரிய நெறிகள்

1964 ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், காலப்போக்கில் பண்பாட்டு முக்கியத்துவம் பெற்ற எளிய ஆக்கங்களும் பேணத்தக்கன என்றும், கட்டடமொன்றில் எல்லாக் காலத்தினரும் செய்த பங்களிப்புகள் மதிக்கப்பட வேண்டும் என்றும், சமூகப் பயன்பாடு பேணுதலுக்குத் துணைசெய்யும் என்றும் வகுத்துள்ளது. இம்மூன்றும் லயத்துக்கு நன்கு பொருந்துவன.

உடப்புசல்லாவையில் இத்தகைய முயற்சியை மேற்கொள்வோர் முதலில் செய்யத்தக்கது, கட்டடத்தில் கைவைக்குமுன் அதன் ஒவ்வொரு மாற்றத்தையும் அளந்து பதிதலாகும். எந்தச் சுவர் நிருவாகம் எழுப்பியது, எந்தத் தடுப்பு குடும்பம் சேர்த்தது என்பதை முன்பு வாழ்ந்தோரின் வாய்மொழி கொண்டு பிரித்தறிதல் வேண்டும். மண்சாந்தாலும் சுண்ணாம்பாலும் அமைந்த பழஞ்சுவரின்மீது சீமெந்து பூசினால், மலைநாட்டு ஈரம் உள்ளே தங்கிச் சுவரைச் சிதைக்கும். அடுப்படிப் புகைக்கரியைச் சுரண்டி வெள்ளையடித்தல் ஆவணமொன்றை அழிப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, பொருள்களைத் திரட்டுதல். கொழுந்துக் கூடை, மட்டக்கம்பு, கவ்வாத்துக் கத்தி, முள்ளு, படங்கு, கம்பளி ஆகியவற்றோடு மண்டபம் முகாமைக் கடந்து வந்தோரின் பத்திரங்களும், குடியுரிமை விண்ணப்பங்களும், இந்தியா சென்ற உறவினரின் கடிதங்களும் சேர்க்கப்பட வேண்டும். மூலத்தைக் குடும்பத்திடமே விட்டுப் படியை மட்டும் பெறுதல் நன்று. அடையாளத்துக்காக அலைந்த மக்களிடமிருந்து அடையாளப் பத்திரத்தை வாங்கிவிடுதல் தகாது.

மூன்றாவது, பயன்பாடு. ஓர் அறை பழைய காம்பராவாகவே இருக்கட்டும், அடுத்தது வாசிகசாலையாகட்டும், மற்றொன்று மாலை வகுப்புக்கு உதவட்டும். முற்றத்தில் காமன் கூத்தும் பொன்னர் சங்கர் கூத்தும் ஒத்திகை காணட்டும். நிருவாகக் குழுவில் தோட்டத்துப் பெண்கள் அமர்தல் இன்றியமையாதது. லயத்தை இல்லமாக்கிய அறிவு அவர்களிடமே உள்ளது.

முடிவுரை

2023 இல், மலையக மக்களின் வருகைக்கு இருநூறு ஆண்டுகள் நிறைவுற்றதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனி நிகழ்ந்தது. முன்னோர் நடந்த வழி அதனால் மீண்டும் நினைவில் பதிந்தது. அவர் சென்றடைந்த இடம் இன்னும் முறையாகப் பதியப்படவில்லை. புகையிரதப் பாதை மறைந்தது, தொழிற்சாலை விடுதியாயிற்று, லயமும் இன்று இடிந்தோ இடிக்கப்பட்டோ மறைந்து வருகின்றது. அது மறைதல் நன்றே. அதில் வாழ்ந்தோர் மேலான வீடு பெறுதல் வேண்டும். ஆனால் ஒவ்வொரு பிரதேசத்திலும் ஒரு வரிசையேனும், அங்கு வாழ்ந்தோரின் விருப்போடும் அவர்தம் பொறுப்பிலும் எஞ்சி நிற்றல் வேண்டும். காம்பராவை இல்லமாக்கிய மக்கள் அவ்வில்லத்துக்கு உரிமையாளராகும் முதற் சந்தர்ப்பமாக அது அமையும்.