கிறிஸ்துமஸ் வாத்தும் காணாமல் போன நீலக் கல்லும்

டிசம்பர் மாத லண்டனில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். வெளியே குளிர், வீட்டுக்குள் கணப்பு, கையில் ஒரு கதைப் புத்தகம். குளிர்கால விடுமுறையில் மர்மக் கதை படிக்கும் வழக்கம் இங்கிலாந்தில் வேரூன்ற இது ஒரு காரணம். இன்னொரு காரணம் பத்திரிகை வியாபாரம்!

முதலில் வந்தவை பேய்க் கதைகள். சார்லஸ் டிக்கன்ஸ் 1843 டிசம்பரில் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' வெளியிட்டார். பிறகு 1850 முதல் 1867 வரை தன் வார இதழ்களுக்கு ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் சிறப்பிதழ் கொண்டுவந்தார். 1867-ன் சிறப்பிதழை அவருடன் சேர்ந்து எழுதியவர் வில்கி காலின்ஸ். மறு ஆண்டே அதே வார இதழில் காலின்ஸின் 'தி மூன்ஸ்டோன்' தொடராக வந்தது. காணாமல் போன வைரத்தைத் தேடும் கதை அது. பேய் இருந்த இடத்தில் துப்பறிவாளர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஷெர்லாக் ஹோம்ஸ் பிறந்ததும் ஒரு கிறிஸ்துமஸ் மலரில்தான். ஆர்தர் கானன் டாயிலின் 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' 1887-ல் 'பீட்டன்ஸ் கிறிஸ்துமஸ் ஆனுவல்' இதழில் வெளியானது. மலரின் விலை ஒரு ஷில்லிங். கதையின் முழு உரிமைக்காக டாயிலுக்குக் கிடைத்தது வெறும் 25 பவுண்டு!

1891-ல் தொடங்கிய 'ஸ்ட்ராண்ட்' மாத இதழில்தான் அவருக்குப் பெரும் புகழ் வந்தது. தொடர்கதையில் ஒரு இதழ் தவறினால் வாசகருக்கு ஆர்வம் போய்விடும் என்பதை டாயில் கவனித்தார். எனவே ஒரே துப்பறிவாளரை வைத்து, ஒவ்வொரு இதழிலும் ஒரு முழுச் சிறுகதை எழுதினார். ஒரே மூச்சில் படித்து முடிக்கலாம். விடுமுறைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்த வரிசையில் 1892 ஜனவரியில் வந்ததுதான் 'ப்ளூ கார்பங்கிள்' கதை. கிறிஸ்துமஸ் விருந்துக்கு வாங்கிய வாத்தின் வயிற்றுக்குள் விலைமதிப்பற்ற நீலக் கல்! அந்த வாத்து ஒரு மதுக்கடையின் 'கூஸ் கிளப்' மூலம் வந்தது. வாரம் சில பென்ஸ் கட்டினால் பண்டிகைக்கு ஒரு வாத்து. நம்ம ஊர் தீபாவளிச் சீட்டு மாதிரி. அன்றைய லண்டனில் ஏழைகள் உண்மையிலேயே இப்படித்தான் பண்டிகைச் செலவுக்குப் பணம் சேர்த்தார்கள்.

கல் திருட்டுக்காகக் கைதாகிறவர் ஒரு குழாய் பழுதுபார்ப்பவர். முன்பு ஒருமுறை திருட்டு வழக்கில் தண்டனை பெற்றவர் என்பதால் சந்தேகம் உடனே அவர்மேல் விழுகிறது. உண்மைத் திருடனைக் கண்டுபிடிக்கும் ஹோம்ஸ் அவனைப் போலீஸில் ஒப்படைக்கவில்லை. ஒருமுறை சிறைக்குப் போனால் ஆயுள் முழுக்கச் சிறைப்பறவை ஆகிவிடுவான், இது மன்னிக்கும் காலம் என்று சொல்லி விட்டுவிடுகிறார். அவன் சாட்சி சொல்ல வராவிட்டால் கைதானவர் மீதான வழக்கும் நிற்காதாம்.

சிறை சென்று வந்தவருக்குப் பழைய குற்றம் எப்படிச் சுமையாகிறது என்பதை அந்தக் கைதிலேயே வாசகர் பார்த்துவிடுகிறார். ஆனாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. உண்மைத் திருடனுக்கு மன்னிப்பு கிடைத்தது. குற்றமே செய்யாமல் சிறையில் கிறிஸ்துமஸைக் கழித்தவருக்கு என்ன கிடைத்தது?