காலில் வந்த சின்னப் புண் ஏன் ஆறமாட்டேன் என்கிறது? தோல் செல்கள் அனுப்பும் 'மெசேஜ்' எங்கே தடைபடுகிறது?

காய் நறுக்கும்போது உங்கள் விரலில் பட்ட வெட்டு ஒரு வாரத்தில் ஆறிவிடுகிறது. அதே வீட்டில், சர்க்கரை நோய் உள்ள அப்பாவுக்குச் செருப்பு கடித்த புண் மூன்று மாதமாகியும் ஆறவில்லை. ஏன்?

'சுகர் இருந்தா புண் ஆறாது' என்று சொல்லி முடித்துவிடுவோம். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான், எதற்குப் பணம் செலவழிக்கலாம், எதை முதலில் செய்ய வேண்டும் என்பது புரியும். சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் ஐசிஎம்ஆரும் சேர்ந்து நடத்தி 2023-ல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இவர்களில் கால் இழப்பவர்கள் பெரும்பாலானோருக்கு, தொடக்கம் ஆறாத ஒரு பாதப் புண்தான்.

செல்கள் எப்படிப் பேசிக்கொள்கின்றன?

செல்களுக்கு வாயும் காதும் இல்லை. அதனால் புரதங்களை வெளியே அனுப்பிப் பேசுகின்றன. புண் ஆறுவதில் முக்கியமான இந்தப் புரதங்களுக்கு வளர்ச்சிக் காரணிகள் என்று பெயர். ஒரு செல் அனுப்பும் புரதம், இன்னொரு செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பியில் போய் ஒட்டும், பூட்டில் சாவி மாதிரி. புரதம் ஒட்டியதும் செல்லுக்குள் ஒரு தொடர் வேதிமாற்றம் தொடங்கி, உட்கருவரை செய்தி போகும். 'இரண்டாகப் பிரி', 'புண்ணை நோக்கி நகரு', 'கொலாஜன் தயார் செய்' என்று உத்தரவு பிறக்கும்.

இந்தப் புரதங்களில் ஒன்று கண்டுபிடிக்கப்பட்ட விதம் சுவாரசியமானது. அமெரிக்க விஞ்ஞானி ஸ்டான்லி கோஹன், எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்குச் செலுத்தினார். அவை வழக்கத்தைவிடச் சீக்கிரம் கண் திறந்தன. காரணம், சாற்றில் இருந்த ஒரு புரதம் தோல் செல்களை வேகமாக வளரவைத்ததுதான். அதுதான் இஜிஎஃப், அதாவது மேல்தோல் வளர்ச்சிக் காரணி. 1986-ல் ரீட்டா லெவி-மொண்டால்சினியுடன் சேர்ந்து கோஹன் மருத்துவ நோபல் பரிசு பெற்றார்.

வெட்டு விழுந்ததும் யார் யாரைக் கூப்பிடுகிறார்கள்?

முதல் சில நிமிடங்கள்: டெங்கு காலத்தில் எண்ணிக்கை பார்ப்போமே, அதே பிளேட்லெட்டுகள்தான் முதலில் வருகின்றன. ரத்தத்தை உறைய வைப்பதோடு, பிடிஜிஎஃப், டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதங்களையும் கொட்டுகின்றன. மற்ற செல்களுக்கு இதுதான் அழைப்பு.

முதல் சில நாட்கள்: வெள்ளையணுக்கள் வந்து கிருமிகளைக் கொல்கின்றன. அடுத்து வரும் மேக்ரோஃபேஜ் செல்கள் குப்பையை விழுங்கிவிட்டு, 'சண்டை போதும், கட்டுமானம் தொடங்கட்டும்' என்று அடுத்த செய்தியை அனுப்புகின்றன.

அடுத்த சில வாரங்கள்: விஇஜிஎஃப் புதிய ரத்தக் குழாய்களை வளர்க்கச் சொல்கிறது. இஜிஎஃப் ஓரத்திலுள்ள மேல்தோல் செல்களை நடுவுக்கு நகர வைக்கிறது. ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் கொலாஜன் நெய்கின்றன.

பிறகு பல மாதங்கள்: நெய்த கொலாஜன் சீரமைக்கப்படுகிறது. மூன்று வாரம் ஆன காயத்துக்குப் பழைய தோலின் பலத்தில் சுமார் 20 சதவீதம்தான் இருக்கும். எவ்வளவு காலம் போனாலும் சுமார் 80 சதவீதத்தைத் தாண்டாது.

சர்க்கரை நோயில் எங்கே தடைபடுகிறது?

முதலில் நரம்பு. பாதத்தில் உணர்ச்சி குறைவதால் கல் குத்தினாலும், செருப்பு கடித்தாலும் வலிக்காது. வலி இல்லாததால் அதே புண் மீது மறுபடி மறுபடி நடப்பார்கள்.

இரண்டாவது ரத்த ஓட்டம். காலுக்குப் போகும் குழாய்கள் சுருங்கினால் ஆக்சிஜனும் போகாது, வேலை செய்ய வேண்டிய செல்களும் போகாது.

மூன்றாவது செய்திக் கோளாறு. மேக்ரோஃபேஜ் செல்கள் 'சண்டை' நிலையிலேயே சிக்கிக்கொள்கின்றன. அழற்சி தொடர்கிறது. அங்கே அளவுக்கு மேல் சேரும் புரதம் வெட்டும் என்சைம்கள், வளர்ச்சிக் காரணிகளையும் அவற்றின் ஏற்பிகளையும் துண்டாக்குகின்றன. அனுப்பிய செய்தி வழியிலேயே கிழிக்கப்படுகிறது.

அப்போ அந்தப் புரதத்தை வெளியிலிருந்து தடவினால்?

தடவிப் பார்த்திருக்கிறார்கள். பிடிஜிஎஃப் கொண்ட பெகாப்லெர்மின் என்ற ஜெல்லுக்கு 1997-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி தந்தது. 2006-ல் கியூபா, புண்ணுக்குள்ளேயே ஊசியாகப் போடும் இஜிஎஃப் மருந்தைக் கொண்டுவந்தது. இந்தியாவிலும் இஜிஎஃப் ஜெல் விற்பனைக்கு வந்தது.

பலன் எவ்வளவு? பெகாப்லெர்மினின் முக்கியமான ஒரு சோதனையில் 382 பேர் கலந்துகொண்டார்கள். 20 வாரத்தில், அதிக அளவு மருந்து பெற்றவர்களில் 50 சதவீதம் பேருக்குப் புண் முழுமையாக மூடியது. மருந்தில்லாத ஜெல் பூசியவர்களில் அது 35 சதவீதம்.

இதை '43 சதவீதம் அதிகப் பலன்' என்றும் எழுதலாம், கணக்கு சரிதான். ஆனால் நூறு பேருக்குக் கொடுத்தால் கூடுதலாகக் குணமாவது 15 பேர். அந்த 35 சதவீதத்தையும் கவனிங்க. மருந்தே இல்லாமல் அத்தனை பேருக்குப் புண் மூடியிருக்கிறது. அவர்களுக்குக் கிடைத்தது, இறந்த திசுவை வெட்டிச் சுத்தம் செய்ததும், புண் மீது எடை விழாமல் பார்த்துக்கொண்டதும் உள்ளிட்ட நல்ல பராமரிப்பு. மருந்து அதற்கு மேல் வரும் உதவிதான், அதற்கு மாற்று இல்லை.

இன்னொரு எச்சரிக்கை: 'வளரு' என்ற செய்தி புற்றுநோய் செல்லுக்கும் கேட்கும். இந்தச் சந்தேகத்தால் 2008-ல் அந்த ஜெல்லின் மீது எஃப்டிஏ கடுமையான எச்சரிக்கை அச்சிட வைத்தது. பின்னர் வந்த தரவுகளைப் பார்த்து 2018-ல் அதை நீக்கியது. டாக்டர் சொல்லாமல் இவற்றை வாங்கிப் பூச வேண்டாம்.

முகத்துக்குப் பூசும் 'குரோத் ஃபேக்டர்' சீரம்?

காயமில்லாத தோலைத் தாண்டி உள்ளே போக, ஒரு மூலக்கூறு சுமார் 500 டால்டனுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது தோல் மருத்துவத்தில் பொதுவான கணக்கு. இஜிஎஃப் சுமார் 6,000 டால்டன். திறந்த புண்ணில் வேலை செய்யும் புரதம், மூடிய தோலில் அதேபோல் வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்?

சாதாரணக் காயம் என்றால் ஓடும் தண்ணீரில் கழுவி, மூடி வையுங்க. 'காற்றுப் படட்டும், காயட்டும்' என்பது பழைய நம்பிக்கை. ஈரப்பதத்தோடு மூடிய காயத்தில் மேல்தோல் வேகமாக வளர்வதை 1962-லேயே ஜார்ஜ் வின்டர் பன்றிகளில் காட்டினார். மேல்தோல் செல்கள் ஈரத்தில்தான் எளிதாக நகரும்.

காபித் தூள், மஞ்சள் தூள், டூத்பேஸ்ட் எதையும் புண்ணில் வைக்க வேண்டாம்.

வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய் இருந்தால், தினமும் பாதத்தையும் விரலிடுக்கையும் பாருங்க. அவரால் குனிய முடியாவிட்டால் நீங்க பாருங்க. வெறுங்காலோடு நடக்க விடாதீங்க, வீட்டுக்குள்ளேயும்.

அவர்களுக்குப் பாதத்தில் எந்தப் புண் வந்தாலும், வலி இல்லாவிட்டாலும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்க. ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்லுங்க. புண் கறுத்தாலோ, நாற்றம் அடித்தாலோ, கால் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ மறுநாள்வரை காத்திருக்காதீங்க. அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்க.