கொட்டாஞ்சேனையில் ஓர் இத்தாலியச் சாயை

இத்தாலிய யாத்திரையில் கலைக்கூடங்களையும் தேவாலயங்களையும் தரிசிக்க விழையும் கொழும்புப் பாமன்கடைவாசி, புறப்படுமுன் அதே நகரின் கொட்டாஞ்சேனைக்குச் சென்று, ரோமாபுரியின் அர்ச். இராயப்பர் பேராலயத்தை நினைவூட்டும் குவிமாடத்தோடும் தூண்களோடும் நிமிர்ந்து நிற்கும் அர்ச். லூசியாள் பேராலயத்தை ஆற அமர நோக்குவாராக. இன்றைய ஆலயத்தின் திருப்பணியைத் தொடங்கியவர், 1863 முதல் 1879 வரை இங்கே மேற்றிராணியாராயிருந்த இலாரியோன் சில்லானி என்னும் இத்தாலியத் துறவி.

லூசியாளோ சிசிலித் தீவின் சிராக்கூசா நகரில் வேதசாட்சியாக மரித்த கன்னிகை. அந்நகரிலேயே 1608இல் கரவாஜ்ஜோ என்ற மகா சித்திரக்காரர், பிரம்மாண்டமான வெறுஞ்சுவரின் கீழ், குழிவெட்டுவோர் இருவரின் பெருந்தேகங்களுக்குப் பின்னே தரையில் சிறுத்துக் கிடக்கும் அவளுடைய பூதவுடலை வரைந்தார். துக்கத்தை இவ்வளவு மௌனமாகத் தீட்டிய சித்திரம், என் அபிப்பிராயத்தில், வேறில்லை. கண்ணொளி வேண்டுவோர் நாடும் அப்புனிதையின் திருநாள் டிசம்பர் 13.