இரண்டு முறை இடம்பெயர்ந்த கோபுரம்

ஹொன்ஷு தீவின் வடகோடியில், ஆப்பிளுக்குப் பேர்போன ஊர் ஹிரோசாகி. 1611-ல் சுகாரு வம்சத்தார் கட்டி முடித்த கோட்டை, 1895 முதல் பொதுப் பூங்காவாக இருக்கிறது. சுமார் 2,600 சாகுரா மரங்கள் பூக்கும் நாட்களில் அங்கே கூட்டம் அலைமோதும். எனக்கோ பூவைவிட அங்குள்ள மூன்றடுக்குக் கோபுரத்தின் மேல்தான் பிரியம்.

முதலில் இருந்தது ஐந்தடுக்கு. 1627-ல் இடி விழ, உள்ளே இருந்த வெடிமருந்தும் சேர்ந்து எரிந்துபோனது. பிறகு ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள் கோபுரமே இல்லை; இப்போதுள்ளது 1810-ல் எழுந்தது. அகழியைப் பார்த்த இரு முகங்களில் முக்கோண முகப்புகளும் அம்பு எய்யும் துளைகளும் உண்டு. உட்புறம் பார்த்த இரண்டிலும் வெறும் சன்னல்கள்தான். பகைவன் கண்ணில் படும் பக்கத்துக்கு மட்டும் மிடுக்கு போதும் என்று நினைத்திருக்கிறார்கள். கூரைக்குச் செம்புத் தகடு. மண் ஓடு அந்தக் குளிரில் வெடித்துவிடும்.

கோபுரம் திடமாகத்தான் இருந்தது, அதைத் தாங்கிய கற்சுவர்தான் தளர்ந்தது. 1890-களில் சுவர் சரிந்தபோது, 1897-ல் ஹோரியே சாகிச்சி என்ற தச்சர் கோபுரத்தைப் பிரிக்காமல் முழுசாக உள்ளே நகர்த்தினார். சுவரைச் செப்பனிட்டு, 1915-ல் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்கள். பிரித்துக் கட்டியிருந்தால் மூட்டுகளில் எத்தனை பழுதாகியிருக்குமோ! 1810-ன் மரவேலை குலையாமல் நம் கைக்கு வந்ததற்கு அந்த ஒரு முடிவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

1983 பூகம்பத்துக்குப் பின், சுவர் மறுபடியும் வெளிப்பக்கம் புடைத்திருப்பது தெரிந்தது. 2015-ல் சாகிச்சியின் வழியையே பின்பற்றினார்கள். ஜாக்கிகளால் தூக்கி, தண்டவாளத்தில் ஏற்றி, சுமார் 400 டன் எடையை எழுபது மீட்டருக்கும் அதிகமாக நகர்த்தினார்கள். செப்டம்பரில் வடத்தைப் பிடித்து இழுக்க ஊர் மக்களையும் அழைத்தார்கள். ஆயிரக்கணக்கில் வந்து இழுத்தார்கள். பொறியாளர்கள் மட்டுமே முடித்திருக்கக்கூடிய வேலையை ஊரின் வேலையாக்கியதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

2016 வசந்தத்தில், அந்தத் தற்காலிக இடத்திலேயே கோபுரத்தைத் திறந்துவிட்டார்கள். அகழிமேல் உள்ள சிவப்புப் பாலத்திலிருந்து படம் எடுத்துப் பழகியவர்களுக்கு வெற்று மூலைதான் தெரிந்தது. கோட்டை மேட்டில் ஏறிப் போனவர்களுக்கோ கோபுரமும் பின்னால் இவாகி மலையும் சேர்ந்தே தெரிந்தன. அதன் பிறகு சுவரின் முறை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கற்களுக்கு எண் இட்டு, ஒவ்வொன்றாக இறக்கினார்கள். எந்தக் கல் எந்த இடத்தில் இருந்ததோ அங்கேயே மறுபடி அடுக்குவதற்காக.