மதுரையை விட்டுப் போனவர்கள்

மதுரை கே.கே. நகரில் அடுப்பேறும் காரட்டும் முட்டைக்கோசும் எந்த மண்ணில் விளைந்தவை என்று கேட்பார் எவருமில்லை. மாட்டுத்தாவணிச் சந்தைக்கு வந்தன; விலை இன்னது; அத்துடன் அவற்றின் வரலாறு முடிந்துவிட்டதாக எண்ணுகிறோம். ஆனால் தமிழகச் சந்தைகளுக்குக் காய்கறி அனுப்பும் மலையூர்களுள் ஒன்று, தன்னை மதுரையின் பிள்ளை என்று சொல்லிக்கொள்கிறது. வட்டவடை என்பது அதன் பெயர்.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தேவிகுளம் வட்டத்தில், மூணாற்றிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கும் மேல் சென்றால் அவ்வூர் தென்படும். மலையைப் படிப்படியாக வெட்டி, படிதோறும் பாத்தி கட்டியிருக்கிறார்கள். முன்பு கேழ்வரகும் கோதுமையும் விளைந்த சரிவுகளில் இன்று உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ், வெள்ளைப் பூண்டு. காந்தளூர் – வட்டவடைப் பூண்டு புவிசார் குறியீடே பெற்றுவிட்டது. கேரளத்து மண்ணானாலும் அங்குப் பெய்யும் மழைநீர் மேற்கே ஓடவில்லை. பாம்பாறு வழியாகக் கிழக்கே இறங்கி, அமராவதியாகித் தமிழகம் புகுகிறது. தண்ணீர் மட்டுமன்று, அங்குள்ள உழவர் பேசும் மொழியும் தமிழே.

இந்த உழவர்கள், தம் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்கின்றனர். அஞ்சுநாடு எனப்படும் மறையூர், காந்தளூர்ப் பக்கத்து வேளாளரிடமும் இதே கதை உண்டு. கண்ணகி மதுரையை எரித்தபோது ஓடி வந்தோம் என்பார் சிலர். போர்க்காலத்தில் மலையேறினோம் என்பார் வேறு சிலர். வியப்பு இதோடு முடியவில்லை. அதே மலைகளில் வாழும் முதுவர் என்னும் பழங்குடியினரும், மதுரை மீனாட்சியின் சிலையை முதுகில் சுமந்து வந்ததால்தான் தமக்கு அப்பெயர் வந்தது என்கின்றனர். இந்த மலைகளுக்கு உரிமை கொண்டாடிய பூஞ்சாற்று அரச குடும்பத்தாரோ, தாம் பாண்டியர் வழியினர் என்றும், மீனாட்சியைத் தம்முடன் கொண்டு வந்ததாகவும் கூறினர். அரசனும் மதுரை, பழங்குடியும் மதுரை, உழவனும் மதுரை!

ஒரு மீனாட்சி எத்தனை முதுகில் ஏறினாள் என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம். போதாது. சிலப்பதிகாரத் தீயைக் கொண்டு குடியேற்றத்துக்கு ஆண்டு குறிக்க முடியாது. ஆனால் ஊரை விட்டு ஓடும் நிலை மதுரை நாட்டாருக்குப் பலமுறை நேர்ந்தது உண்மை. 1311-இல் மாலிக் காபூரின் படை வந்தது. பின்னர் சுல்தான்களின் ஆட்சி, அதை வீழ்த்த வந்த விசயநகரப் படை, நாயக்கர் காலத்துப் போர்கள், பதினெட்டாம் நூற்றாண்டில் நவாபுக்கும் கும்பெனிக்கும் இடையில் சிக்கிய பாளையங்கள். கோட்டையில் எவன் கொடி பறந்தாலும் வரி கட்டியவன் உழவனே. தாள முடியாதவன் விதைநெல்லை முடிந்துகொண்டு மலையைப் பார்த்து நடந்தான். தெய்வத்தை அகற்றிவிட்டுப் பார்த்தால் கதையில் எஞ்சுவது இந்த ஓட்டம்தான்.

அப்படியானால் தெய்வம் ஏன் ஏறியது? உரிமைக்காக. செப்பேடு இல்லாதவனுக்குப் புராணமே பட்டா. பாண்டியன் வழி என்று சொன்னால் மலை அரசனுடையதாகிறது. அந்த உரிமையைக் கொண்டே பூஞ்சாற்றார் 1877 சூலை 11 அன்று கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயருக்கு எழுதிக் கொடுத்தனர். பின்னர் அங்கே தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. மறையூரில் கற்பலகைகளை நிறுத்தி, மேலே ஒரு பலகையை மூடிய பண்டைய ஈமச் சின்னங்கள் பல உள்ளன. இவர்களின் கதைகள் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே அங்கு வாழ்ந்தவர்கள் தம் இறந்தோர்க்கு எடுத்தவை அவை. அவற்றிற்கு இன்று வழங்கும் பெயர் ‘முனியறை’! பிணத்தைப் புதைத்த மக்கள் மறைந்தனர். தவம் செய்ய முனிவர் வந்துவிட்டார்.

சரி, கதையே இல்லாதவர் யார்? வட்டவடையில் சக்கிலியர் எனப்படும் மக்கள் உள்ளனர். அவர்களும் சமவெளியிலிருந்து மலையேறியவர்களின் வழியினரே. வயலில் உழைப்பவர்கள். ஆனால் அவர்கள் மீனாட்சியைச் சுமந்ததாக எந்தக் கதையும் சொல்லவில்லை. கண்ணகியின் தீ அவர்களைத் துரத்தியதாக எவரும் பாடவில்லை. அவர்கள் முதுகில் இருந்தது பிறர் வீட்டுச் சுமை.

அவ்வூரின் முடிதிருத்தகங்களில் அவர்களுக்கு முடி வெட்ட மறுத்தார்கள். எந்த நூற்றாண்டில் என்கிறீர்களா? 2020-ஆம் ஆண்டு வரை! தலைமுடி வளர்ந்தால் வேற்றூர் போக வேண்டும். அவர்கள் கை பட்ட பூண்டு தீட்டாகவில்லை. மூட்டையாகி மலையிறங்கிச் சந்தைக்குப் போயிற்று. காரட்டைப் பிடுங்கிய கை தூய்மை, அதே ஆளின் தலையைத் தொட்ட கத்தரிக்கோல் தீட்டு! இந்தக் கணக்கை எந்த முனியறையில் இருந்த முனிவர் போட்டாரோ, தெரியவில்லை.

முடிதிருத்துவோரைத் திட்டி முடித்துவிடுவது எளிது. அவரும் சாதி அடுக்கில் கீழே நிறுத்தப்பட்டவர்தாம். ஒருவர் தலையைத் தொட்டால், நிலமுள்ளோர் நாளை தம் கடைக்கு வரமாட்டார்கள் என்ற அச்சம் அவருக்கு. தாழ்த்தப்பட்டவனைக் கொண்டே தாழ்த்தப்பட்டவனைத் தள்ளி நிறுத்துவதில் மேலிருப்பவன் கையில் கறை படுவதே இல்லை.

வைக்கம் தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் பெரியார் சிறை புகுந்த ஆண்டு 1924. அதே திருவிதாங்கூர் அரசு கோயில் கதவுகளை எல்லா இந்துக்களுக்கும் திறந்து பிரகடனம் செய்தது 1936 நவம்பர் 12-இல். வட்டவடையும் அந்த அரசின் எல்லைக்குள் இருந்த ஊரே. ஆண்டவன் கதவு திறந்து எண்பத்து நான்கு ஆண்டுகள் ஆகியும் முடிதிருத்தகத்தின் கதவு திறக்கவில்லை.

தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்தோடு சேரவேண்டும் எனக் கிளர்ச்சி நடந்ததையும், 1954 ஆகத்து 11 அன்று தென் திருவிதாங்கூரில் தமிழர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானதையும், 1956 நவம்பர் 1 அன்று வரையப்பட்ட எல்லையில் அவ்விரு வட்டங்களும் கேரளத்திலேயே நின்றுவிட்டதையும் நாம் மறக்கவில்லை. வருந்தினோம், வருந்தியது சரியே. ஆயினும் ஒன்று கேட்கவேண்டும். மலையின் எப்பக்கம் கோடு விழுந்திருந்தாலும், அந்தக் கத்தரிக்கோல் அந்தத் தலையைத் தொட்டிருக்குமா? தமிழகத்துச் சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளையைக் கண்டவர்கள் விடை சொல்லட்டும். மறுத்தவனும் தமிழ் பேசினான், மறுக்கப்பட்டவனும் தமிழ் பேசினான்.

பொறுத்தது போதும் என்று இளைஞர்கள் முறையிட்டார்கள். பாகுபாடு காட்டும் கடை ஊரில் இயங்கக்கூடாது என ஊராட்சி உறுதியாக நின்றது. இருந்த கடைகள் மூடப்பட்டன. எல்லாருக்கும் வெட்டுவதைவிட எவருக்கும் வெட்டாதிருப்பது மேல் என்றாயிற்று! அதன்பின் ஊராட்சியே ஒரு பொது முடிதிருத்தகத்தை அமைத்தது. 2020 செப்டம்பரில் தேவிகுளம் சட்டமன்ற உறுப்பினர் வந்து அதைத் திறந்து வைத்தார். பாலத்துக்கும் பள்ளிக்கும் திறப்பு விழா கண்டிருக்கிறோம். முடி வெட்டும் நாற்காலிக்குத் திறப்பு விழா நடந்த ஊர் அது. எந்தச் சாதியாரும் அந்த நாற்காலியில் அமரலாம். கேட்பது கூலி மட்டுமே.